லாம்பிக் பீரும் பழ லாம்பிக்கும்: காய்ச்சும் பரணிலிருந்து கோப்பை வரை ஒரு முழு வழிகாட்டி

"கெட்டுப்போய்விட்டதா?" என்று கேட்டு நண்பர் ஒருவர் ஒரு பாட்டிலின் படத்தை அனுப்பியிருந்தார். பிரஸ்ஸல்ஸில் வாங்கிய கிரீக், அதாவது செர்ரி போட்ட பீர். சிவப்பு நிறத்தையும் கார்க் மூடியையும் பார்த்து இனிப்பாக இருக்கும் என்று நம்பித் திறந்திருக்கிறார், முதல் வாயிலேயே பல் கூசிவிட்டது. பாட்டிலில் ஒரு குறையும் இல்லை, நல்ல கிரீக் அப்படித்தான் இருக்கும். பழத்தை மட்டும் எதிர்பார்த்துக் குடித்ததால் வந்த குழப்பம் அது. அந்தப் பழத்துக்கு அடியில் மரப்பீப்பாயில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கிடந்து புளித்த லாம்பிக் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால்தான் மேலே நிற்கிற செர்ரி பிடிபடும்.

அதனால் காய்ச்சும் இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஒவ்வொரு கட்டமும் கோப்பையில் என்ன தடயத்தை விட்டுப்போகிறது என்பதையும் அங்கங்கே சொல்லிவிடுகிறேன். நான் சுவைக்கக் கற்றுக்கொண்டது இந்த வழியில்தான்.

எது லாம்பிக்

பிரஸ்ஸல்ஸ் நகரம், ஸென்னே ஆற்றுப் பள்ளத்தாக்கு, நகரத்துக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் விரிகிற பயோட்டன்லாந்து என்னும் கிராமப்புறம், இவைதான் இதன் ஊர். மற்ற பீர்களில் காய்ச்சுபவர் தன் கையால் ஈஸ்ட் சேர்ப்பார். லாம்பிக்கில் யாரும் எதையும் சேர்ப்பதில்லை. காற்றிலும் கட்டடத்திலும் பீப்பாய் மரத்திலும் குடியிருக்கிற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தாமாக வந்து புளிக்கவைக்கின்றன. நம் வீட்டு இட்லி மாவுக்கும் யாரும் ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லையே, அது மாதிரிதான், என்ன, ஒரு ராத்திரிக்குப் பதில் மூன்று வருடம்.

பெயர்களை இப்போதே பிரித்துக்கொள்வது நல்லது. கலக்காத தனி லாம்பிக்கில் நுரையே இருக்காது. இளையதையும் முதிர்ந்ததையும் கலந்து பாட்டிலில் மறுபடி புளிக்கவிட்டால் அது கூஸ், அங்கே டச்சு பேசுகிற ஃப்ளெமிஷ்காரர்கள் தொண்டையிலிருந்து ஹூசா என்பார்கள். சர்க்கரை சேர்த்தால் ஃபாரோ. செர்ரி போட்டால் கிரீக், ராஸ்பெரி போட்டால் ஃப்ரம்புவாஸ்.

முதல் கட்டம்: தானியமும் பழைய ஹாப்ஸும்

முளைகட்டிய பார்லி ஏறக்குறைய 65 சதவீதம், முளைகட்டாத பச்சைக் கோதுமை 35 சதவீதம். பிரஸ்ஸல்ஸின் ஆன்டர்லெக்ட் பகுதியில் இருக்கிற கான்டியோன் ஆலையில் ஒரு தடவைக்கு 1,300 கிலோ தானியம் போடுகிறார்கள். 1900இல் தொடங்கிய ஆலை அது, 1978 முதல் அருங்காட்சியகமாகவும் இருக்கிறது, பணம் கட்டி யாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

தானியத்தை ஊறவைக்கும் முறையில் ஒரு சூட்சுமம் உண்டு. வழக்கமான பீரில் மாவுச்சத்து முழுக்கச் சர்க்கரையாக மாறவேண்டும் என்று பார்ப்பார்கள். இங்கே பாதி வழியில் பால் மாதிரி கலங்கிய கஞ்சித் தண்ணீரை வடித்தெடுத்துத் தனி அண்டாவில் சூடாக்கிவிடுகிறார்கள். அந்தச் சூட்டில் மாவுச்சத்தை உடைக்கிற நொதிகள் செத்துப்போவதால் கொஞ்சம் மாவுச்சத்து உடையாமலே தங்கிவிடும். அவசரக்கார ஈஸ்ட் அதைத் தொடமுடியாது, பல மாதம் கழித்து வருகிற மெதுவான ஈஸ்ட்டுக்கு அதுதான் சாப்பாடு. கட்டுச்சோறு கட்டிக்கொடுத்து அனுப்புகிற மாதிரி.

அப்புறம் மூன்று நான்கு மணி நேரம் கொதி. கான்டியோனில் 10,000 லிட்டர் சாறு சுண்டி 7,500 லிட்டராகிறது. இந்தக் கொதியில் போடுகிற ஹாப்ஸ், அதாவது பீருக்குக் கசப்பு தருகிற பூ, மூன்று வருடம் போல மூட்டையில் கிடந்து பழசானது. புது ஹாப்ஸைப் போட்டால் கசக்கும், கசப்பும் புளிப்பும் ஒரே வாயில் சேர்ந்தால் நாக்கு தாங்காது. பழசானால் கசப்பு பெரும்பாலும் போய்விடும், ஆனால் சில பாக்டீரியாக்களை அடக்கிவைக்கிற குணம் மட்டும் மிச்சமிருக்கும். எனவே லாம்பிக்கைக் குடிக்கும்போது கசப்பைத் தேடாதீர்கள், இருந்தாலும் மெல்லிய கோடு மாதிரிதான் இருக்கும்.

இரண்டாம் கட்டம்: பரணில் ஒரு ராத்திரி

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. கொதித்த சாற்றைக் கூரைக்கு அடியில் இருக்கிற பரணுக்கு ஏற்றி, கூல்ஸ்கிப் என்கிற அகலமான, ஆழமில்லாத திறந்த தொட்டியில் விடுகிறார்கள். கான்டியோனில் அது செம்பு. மூடி கிடையாது. சுவரில் இருக்கிற பலகைச் சன்னல்களைத் திறந்துவிட்டால் வெளிக்காற்று தொட்டியின் மேலாகப் போய்வரும்.

பொதுமக்களை உள்ளே விடுகிற காய்ச்சும் நாள் ஒன்றில் நானும் படியேறிப் போய் நின்றேன். முதல் பத்து நிமிடம் ஒன்றுமே தெரியவில்லை, வெறும் ஆவி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றபோது ஈர மரத்தின் வாசனையும், கோதுமைக் கஞ்சியில் வெல்லம் போட்ட மாதிரி ஒரு மணமும் வந்தது. ஆவி கொஞ்சம் விலகியதும் தொட்டியின் ஓரத்தில் ஆணி வரிசை தெரிந்தது, மேலே உத்திரத்திலிருந்து நீர்த்துளி சொட்டி உள்ளேயே விழுந்தது. அதையும் யாரும் தடுக்கவில்லை. அந்த உத்திரத்திலும் கூரையிலும் இருக்கிற உயிர்களும் இந்தப் பீரில் பங்காளிகள்தான், அதனால்தான் லாம்பிக்காரர்கள் கட்டடத்தில் கை வைக்க அவ்வளவு யோசிக்கிறார்கள்.

காலையில் சாறு 18 முதல் 20 டிகிரிக்கு இறங்கியிருக்கவேண்டும். அதற்கு ராத்திரிக் குளிர் மைனஸ் 3க்கும் 8 டிகிரிக்கும் இடையில் இருப்பது நல்லது. சூடு கூடினால் வேண்டாத கிருமிகள் மேலோங்கிவிடும், கடுங்குளிர் என்றால் சாறு சீக்கிரம் ஆறிப்போகும். இந்தக் காரணத்தால் அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் கடைசி அல்லது ஏப்ரல் தொடக்கம் வரைதான் காய்ச்சுவார்கள். பருவம் இப்போது சுருங்கிக்கொண்டே வருகிறது. 2015 நவம்பரில் குளிரே இல்லாததால் கான்டியோன் வேலையை நிறுத்திவைக்க நேர்ந்தது. இயந்திரம் வைத்துக் குளிரூட்டினால் தீர்ந்தது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றும், ஆனால் அப்படிச் செய்தால் அது லாம்பிக்கே இல்லை என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

மூன்றாம் கட்டம்: பீப்பாய்க்குள் நடப்பது

ஓக் அல்லது செஸ்ட்நட் மரப் பீப்பாய்கள், பெரும்பாலும் ஒயின் இருந்து வந்தவை. சில நாளில் நுரை பொங்கி வாய் வழியாக வழியும், அது அடங்கிய பிறகுதான் அடைப்பார்கள்.

உள்ளே நான்கு கூட்டம் ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. முதல் மாதம் குடல் வகைப் பாக்டீரியா, அப்போது நாற்றம்கூட வரும். சாறு புளிக்கத் தொடங்கியதும் அவை ஒழிந்துவிடும். அடுத்து நாம் எல்லா பீரிலும் பார்க்கிற சாக்கரோமைசிஸ் ஈஸ்ட், சாராயத்தின் பெரும்பங்கு அதன் வேலை. மூன்று நான்கு மாதம் கழித்து, குறிப்பாக வெயில் வந்த பிறகு, பெடியோகாக்கஸ் வந்து லாக்டிக் அமிலத்தைச் சேர்க்கும். தயிரில் இருக்கிற அதே அமிலம், மென்மையான புளிப்பு. இந்தச் சமயத்தில் லாம்பிக் சிலநேரம் கொழகொழவென்று நூல் இழுக்கும், நோய்வாய்ப்பட்டிருக்கிறது என்பார்கள். பயப்படவேண்டாம், நான்காவதாக வருகிற பிரெட்டனோமைசிஸ் அந்தக் கொழகொழப்பைத் தின்று சரிசெய்துவிடும். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் கிளாவ்சன் என்பவர் 1904இல் ஆங்கிலேய பீரிலிருந்து கண்டுபிடித்த ஈஸ்ட் இனம் அது. பிரஸ்ஸல்ஸின் பெயரையே தாங்கிய புரூக்செல்லென்சிஸ் என்கிற வகை பின்னால் லாம்பிக்கிலிருந்து பிரிக்கப்பட்டது. நாம் முதல் கட்டத்தில் கட்டிக்கொடுத்த கட்டுச்சோற்றை உண்பதும் இதுதான்.

ஈர வைக்கோல், குதிரை லாயம், பழைய தோல், எலுமிச்சைத் தோல் என்று கோப்பையில் வருகிற விநோத மணங்களெல்லாம் பெரும்பாலும் பிரெட்டனோமைசிஸின் கைவண்ணம்.

ஆவியாகிக் குறைகிறதை மறுபடி நிரப்புவதில்லை. மேலே ஒரு ஆடை படிந்து காற்றை ஓரளவு தடுக்கும். காற்று அதிகம் புகுந்தால் காடி ஆகிவிடும். பீப்பாய்க் கூடத்தில் சிலந்தி வலைகள் தொங்குவதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், பழ ஈக்களைப் பிடிக்கிற காவல்காரர்கள் அவை, அதனால்தான் ஒட்டடை அடிப்பதில்லை.

நான்காம் கட்டம்: கலப்பு

ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் ஆன லாம்பிக்குகளைப் பீப்பாய் பீப்பாயாகச் சுவைத்துப் பார்த்துக் கலக்கிறார்கள். இளையதில் சர்க்கரை மிச்சமிருக்கும், அது பாட்டிலுக்குள் நுரையைத் தரும். முதிர்ந்தது ஆழத்தைத் தரும். டில்கேன், ஹான்சென்ஸ், டே காம் போன்றவர்கள் தாங்களே காய்ச்சாமல் மற்ற ஆலைகளிலிருந்து வாங்கிப் பீப்பாயில் வளர்த்துக் கலப்பதையே தொழிலாக வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்தத் தொழில்மேல் தனி மரியாதை. ஒவ்வொரு பீப்பாயும் ஒரு மாதிரி நடந்துகொள்ளும்போது நாக்கை மட்டும் நம்பி முடிவெடுப்பது சாதாரணமில்லை.

பாட்டில் மறுபடி புளிக்க ஆறு மாதமாவது ஆகும். பேர்செலில் இருக்கிற ட்ரீ ஃபோன்டேனென் என்கிற லாம்பிக் ஆலையின் கிடங்கில் 2009இல் வெப்பநிலைக் கருவி பழுதாகிச் சூடு ஏறி, பல்லாயிரம் பாட்டில்கள் வீணாயின. ஆலையை நடத்திவந்த அர்மான்ட் டெபெல்டர் கெட்டதைக் காய்ச்சி வடித்துச் சாராயமாக்கி விற்றுத்தான் மீண்டார்.

ஐந்தாம் கட்டம்: பழம்

பாரம்பரியமான கிரீக்குக்கு ஸ்கார்பேக் செர்ரி என்று ஒரு வகை உண்டு. பிரஸ்ஸல்ஸின் வடக்கே ஸ்கார்பேக்கில் விளைந்தது, சின்னது, கரும் சிவப்பு, நல்ல புளிப்பு. நகரம் வளர்ந்ததில் தோட்டங்கள் போய்விட்டன, இன்றைக்கு மிகக் கொஞ்சம்தான் கிடைக்கிறது, பெரும்பாலான கிரீக்கில் வேறு புளிப்புச் செர்ரிதான்.

கோடையில் செர்ரி வந்ததும் முழுப்பழமாகக் கொட்டையோடு பீப்பாயில் போட்டு, மேலே லாம்பிக்கை ஊற்றுகிறார்கள். லிட்டருக்கு 200 கிராம் என்பது பழைய கணக்கு, சிலர் அதற்கு இரண்டு மடங்குவரை போடுகிறார்கள். பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட் பார்த்ததும் மறுபடி கொதிப்பு கிளம்பும். சில மாதத்தில் சர்க்கரை முழுக்கத் தீர்ந்து பழத்தின் நிறமும் மணமும் புளிப்பும் மட்டும் தங்கும். கிரீக் இனிக்காததற்குக் காரணம் இதுதான்! செர்ரியின் இனிப்பை ஈஸ்ட் சாப்பிட்டுவிட்டது. கொட்டையிலிருந்து பாதாம் மாதிரி ஒரு மணம் இறங்கும், நல்ல கிரீக்கில் விழுங்கிய பிறகு தொண்டையில் வருகிற அந்த மணத்தைக் கவனியுங்கள்.

மென்மையான பழங்கள் வேறு மாதிரி. ராஸ்பெரி சீக்கிரம் எல்லாவற்றையும் கொடுத்துவிடும், மணமும் சீக்கிரம் மங்கும். கான்டியோனின் ரோஸே தெ காம்ப்ரினுஸ் அந்த வகை. அதே ஆலையின் ஃபூ ஃபூன் ஆப்ரிகாட் போட்டது, லிட்டருக்கு 300 கிராம் போல. கறுப்பு மெர்லோ திராட்சை போட்டால் சான் லாம்வினுஸ், அது பீரா ஒயினா என்று நாக்கு தடுமாறும்.

வாங்கும்போது

கடையில் லாம்பிக் என்று போட்டிருந்தாலே நம்பிவிடாதீர்கள். இனிப்பூட்டி, பழச்சாறு சேர்த்து, வடிகட்டி விற்கிற கிரீக்குகளும் அந்தப் பெயரில்தான் வருகின்றன. லேபிளில் 'அவுடே' என்கிற சொல்லைத் தேடுங்கள், பழைய என்று பொருள். 'அவுடே ஹூசா', 'அவுடே கிரீக்' ஆகிய பெயர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் பாதுகாப்பு கொடுத்தது. ஒரே ஆலையே இரண்டையும் செய்வது உண்டு. லின்டெமான்ஸின் சாதாரண கிரீக் இனிப்பு, அவர்களுடைய அவுடே கிரீக் கூவே ரெனே இனிப்பில்லாதது. லெம்பேக் ஊரின் போன் ஆலையிலும் அப்படித்தான். கான்டியோன் லேபிளில் அந்தச் சொல் இருக்காது, 100 சதவீதம் லாம்பிக் என்றிருக்கும், அதுவும் சரிதான். இனிப்பானதைக் குடிக்கக்கூடாது என்றில்லை, வெயில் மதியத்தில் நன்றாகவே இருக்கும், ஆனால் அதைக் குடித்துவிட்டு லாம்பிக் இப்படித்தான் என்று முடிவு செய்யாதீர்கள்.

திறப்பதும் ஊற்றுவதும்

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே திறக்கவேண்டாம். ரயிலில் குலுங்கி வந்த ஒரு கூஸை நான் அன்று மாலையே திறந்து, கால்வாசி சமையலறைத் தரைக்குப் போனது, மிச்சம் மண்டி கலங்கிக் கசந்தது. குறைந்தது இரண்டு நாள் நிற்கவைத்து மண்டி அடியில் இறங்க விடுங்கள். படுக்கவைத்து வைத்திருந்த பாட்டில் என்றால் பிரஸ்ஸல்ஸ் மதுக்கடைகளில் செய்வது மாதிரி சாய்வான கூடையில் அதே பக்கமாக வைத்து மெதுவாகத் திறக்கலாம். கான்டியோன் பாட்டிலில் உலோக மூடியும் அதன்கீழ் கார்க்கும் இருக்கும், இரண்டுக்குமான திறப்பான்களை முன்னாலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்சாதனப் பெட்டியின் குளிர் வேண்டாம். 10 முதல் 13 டிகிரி போதும், அதற்குக் கீழே மணம் அமுங்கிப் புளிப்பு மட்டும் கூர்மையாகத் தெரியும். ஒரே மூச்சில் எல்லாக் கோப்பைகளுக்கும் ஊற்றிவிடுங்கள். பாட்டிலை நிமிர்த்தி நிமிர்த்தி ஊற்றினால் ஒவ்வொரு முறையும் மண்டி கிளம்பும்.

சுவைக்கும் வரிசை

முடிந்தால் நுரையில்லாத தனி லாம்பிக்கில் ஆரம்பியுங்கள். பாட்டிலில் எளிதில் கிடைக்காது. ஊருக்கே போகிறீர்கள் என்றால் ஐசெரிங்கன் கிராமத்தில் 'பெருந்தாகத்துக்கு எதிரான காப்பீடு' என்று பெயர் வைத்த ஒரு மதுக்கடை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைதான் போகவேண்டும். அடுத்து கூஸ். அதன்பிறகு ஆப்ரிகாட் அல்லது திராட்சை, அப்புறம் கிரீக், கடைசியில் ராஸ்பெரி. இனிப்பூட்டியது ஏதாவது இருந்தால் எல்லாம் முடிந்த பிறகு, முதலில் குடித்தால் பின்னால் வருவதெல்லாம் வெறும் புளியாகத் தெரியும்.

முதல் வாயை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். அது வாய்க்குப் பழக்கம் சொல்லிக்கொடுக்க. இரண்டாவதில் புளிப்பு எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். நாக்கின் ஓரத்தில் மெதுவாகப் பரவினால் லாக்டிக், தொண்டையில் சுள்ளென்று குத்தினால் காடியின் அமிலம். பின்னது ஒரு இழை இருந்தால் அழகு, அதுவே முன்னால் நின்றால் குறை. மூன்றாவது வாய்க்குப் பிறகு துவர்ப்பைக் கவனியுங்கள், பீப்பாய் மரமும் செர்ரித் தோலும் கொட்டையும் தருவது அது, ஈறு லேசாக இறுகும். இவ்வளவும் ஆன பிறகு பழத்தைத் தேடுங்கள், தானாக வந்து நிற்கும்.

நகப்பூச்சு நெடி அடித்தாலோ, நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி மணம் வந்தாலோ, ஊற்றும்போது எண்ணெய் போல நூல் விட்டாலோ அந்தப் பாட்டிலில் குறை இருக்கிறது. நூல் விடுவதை மட்டும் மூடியே சில மாதம் விட்டால் சரியாகலாம், மற்ற பாட்டில்கள் இருந்தால் பொறுத்துப் பாருங்கள்.

கூடச் சாப்பிட, அந்த ஊர்க்காரர்கள் தடித்த ரொட்டித் துண்டில் புளிக்காத வெள்ளைப் பாலாடைக்கட்டியைத் தடவி, முள்ளங்கியும் வெங்காயத் தாளும் வைத்துத் தருவார்கள். இதைவிடப் பொருத்தமானதை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

வீட்டில் பழம் சேர்க்கலாமா

லாம்பிக்கை வீட்டில் காய்ச்சுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன், சின்னப் பாத்திரம் ராத்திரிக்குள் அளவுக்கு மீறி ஆறிவிடும், பிறகு மூன்று வருடம் காத்திருந்து ஏமாறுவீர்கள். ஆனால் பழம் சேர்ப்பது சாத்தியம். அவுட் பேர்செல் ஆலை இளம் லாம்பிக்கைப் பை வைத்த அட்டைப்பெட்டியில் விற்கிறது. புளிப்புச் செர்ரியை உறையவைத்து எடுங்கள், பழத்தின் அணுச்சுவர் உடைந்து சாறு எளிதில் இறங்கும். லிட்டருக்கு 250 கிராம், கொட்டையோடு, கொட்டையை உடைக்காமல். நன்றாகக் கழுவிய கண்ணாடிக் குடுவையில் பழத்தைப் போட்டு லாம்பிக்கை ஊற்றி, காற்று வெளியே மட்டும் போகிற நீர்ப்பூட்டு மூடியைப் போடுங்கள். மேலே கொஞ்சம் இடம் விடவேண்டும், சில நாளில் பொங்கும். இரண்டு மூன்று மாதம் கழித்து வடித்துக் குடித்துவிடுங்கள். இறுக்கி மூடிய பாட்டிலில் அடைக்காதீர்கள், மிச்சச் சர்க்கரை இருந்தால் கண்ணாடி வெடிக்கும்.

எவ்வளவு நாள் வைக்கலாம்

கூஸை இருட்டான, குளிர்ந்த இடத்தில் பத்து இருபது வருடம் வைக்கலாம், மாறிக்கொண்டே போகும். பழ லாம்பிக் கெடாது, ஆனால் பழம் மங்கும். ராஸ்பெரியும் ஆப்ரிகாட்டும் ஒரு வருடத்துக்குள், கிரீக் இரண்டு மூன்று வருடத்துக்குள் என்பது என் கணக்கு. வாங்கும்போது ஒரே கிரீக்கில் இரண்டு பாட்டில் எடுங்கள், ஒன்றை இந்த வாரம் குடித்து என்ன தெரிந்தது என்று நாலு வரி எழுதுங்கள், இன்னொன்றின்மேல் தேதியைக் குறித்துப் படுக்கவைத்துவிட்டு அடுத்த வருடம் செர்ரி வரும் ஜூலையில் அந்த நாலு வரியோடு திறந்து பாருங்கள்.